சைக்கிள் கடைக்கு மேலே நின்ற வீடு

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, ஒரு தெருவை அப்படியே பெயர்த்தெடுத்த அளவுள்ள கல் ஒன்று, ஆகாயத்தில் எங்கெங்கோ சுற்றிவிட்டு மேற்கேயிருந்து மெதுவாக வந்து, எங்கள் உப்போடைப்பட்டி பஜாரில் சைக்கிள் கடைக்கு நேர் மேலே நின்றது. மதியம் ஒரு மணி வரை நின்றுவிட்டு, சாப்பாட்டுக்குப் போகிற வேலையாள் மாதிரி கிழக்கே போய்விட்டது. மறுநாள் ஒன்பது மணிக்கு மறுபடியும் வந்தது. முதல் நாள் அது விழுந்துவிடுமோ என்று பயந்தேன். இரண்டாம் நாள், விழாமல் அங்கேயே நின்று மழையை மறைத்துவிடுமோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் அதன்மேல் ஒரு சுவர் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கவலைப்பட வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

வானத்துக் கற்களின் மேல் கட்டடம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, யாரோ நட்டுவைத்த தூண் இருக்கிறது என்று எங்கள் செல்போன்களுக்குப் படம் வருவது புதிதில்லை. மங்கலான படத்தை இன்னும் மங்கலாகப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, உண்மையை மறைக்கிறார்கள் என்று கீழே எழுதியிருப்பார்கள். நாங்களும் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவோம். இந்தக் கல்லுக்கு வட்டம் போட வேண்டியிருக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் செங்கல் வரிசை தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மட்டும், அதெல்லாம் வெயிலும் நிழலும் கூடிச் செய்கிற வேலை, மேகத்தில் சிங்கம் தெரிவது மாதிரி நம் கண்தான் அங்கே கட்டடம் கட்டுகிறது என்றார்.

"மேகத்துல சிங்கம் தெரியும் சார், ஒத்துக்கிடுதேன்," என்றார் கொம்பையா மேஸ்திரி. ஊரில் பாதிப் பேருக்குக் கொத்துக்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். "ஆனா அந்தச் சிங்கம் வரிசைக்கு வரிசை கல்லை மாத்தி வைக்குமா? கீழ்க்கல்லு முனை மேல மேல்கல்லோட வயிறு வந்து உக்காந்திருக்கு பாரும். அது கொத்தனார் கை."

எங்கள் ஊர் வீட்டுக்கு ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் உள்ள ஊர். ஆகையால் மேஸ்திரி சொன்ன பிறகு அதில் பேச ஒன்றுமில்லை. யார் கட்டுகிறார்கள், எப்படி அங்கே போனார்கள் என்று யாரும் மண்டையைக் குடையவில்லை. சிமெண்டா சுண்ணாம்பா, தண்ணீர் விட்டு நனைக்கிறார்களா இல்லையா என்பதைப் பற்றித்தான் சண்டை நடந்தது. வாரத்துக்கு வாரம் சுவர் மூன்று வரிசை கூடியிருந்தது. ஆள் தென்படவில்லை, நாங்கள் காணாத மத்தியானங்களில் வேலை நடந்தது. மாசி பிறந்து வெயில் ஏறியதும், காய்கறிக்காரிகள் தட்டிப்பந்தலைப் பிரித்துவிட்டுக் கல்லின் நிழலுக்கு வந்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் கூடையோடு நகர்ந்தார்கள், அதனால் ஒன்பது மணிக்குப் போஸ்டாபீஸ் வாசலில் கத்தரிக்காய் விற்றவளிடம் பன்னிரண்டு மணிக்கு மிச்சம் கேட்க வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியிருந்தது. வற்றல் போடுகிறவர்கள் கல்லைத் திட்டினார்கள். இத்தனை பேர் கண்ணும் படுகிற வீட்டுக்கு ஒரு திருஷ்டி பொம்மை இல்லையே என்று பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. வைக்கோல் திணித்து, கிழிந்த பேண்ட் மாட்டி, முழியும் நாக்கும் வரைந்து, ஊரிலேயே உயரமான தண்ணீர்த் தொட்டியில் அந்த வீட்டுக்காக ஒரு பொம்மை கட்டினார்கள். அதே தொட்டியில்தான் பஞ்சாயத்துக்காரர்கள், அனுமதி பெறாமல் கட்டும் கட்டடத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள், மேலே இருப்பவர் படிக்க வசதியாக வானத்தைப் பார்த்து. பதினைந்து நாள் பார்த்தார்கள், பதில் வரவில்லை, உரிமையாளர் வெளியூர் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். என் பெயர் தங்கபுஷ்பம். எட்டாவதோடு நின்று, பதினாலு வயதில் சாந்துச் சட்டி தூக்கினேன். என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து கொத்தனார். சாரத்தின் மேலே அவர், கீழே நான், அப்படியே பதினாறு வருஷம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கண்ணூர்ப் பக்கம் மூன்று மாத வேலை என்று கரண்டியையும் சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மூன்று மாதம் முடிந்தது. போலீசில் எழுதிக்கொடுத்தேன், பேப்பரில் போட்டேன், கண்ணூருக்கு இரண்டு தடவை போய் மொழி தெரியாமல் ஒவ்வொரு கட்டடமாக அண்ணாந்து நின்றேன். ஆளும் இல்லை, பிணமும் இல்லை. பொட்டு வைக்கும்போதெல்லாம் யாருக்காவது பதில் சொல்கிற மாதிரி இருக்கும்; வைக்காவிட்டால் நானே கொன்றுவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் என் மகள் செண்பகத்துக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அன்னக்கொடி நல்ல மாதிரிதான், ஆனால் எதையும் நேராகக் கேட்பவள். "மைனி, பத்திரிகையில சம்பந்தி பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடணுமா வேண்டாமா? எங்க ஆளுக கேப்பாங்க. இருந்தா இருக்காருன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. இருக்காரா இல்லையான்னே தெரியாத வீட்டுல எப்படி மைனி சம்பந்தம் பண்றது?" என்றாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் சங்கிலி அத்தான், ஏழு வருஷம் தாண்டினால் சட்டமே செத்ததாக ஒத்துக்கொள்ளும், ஒரு கையெழுத்துப் போட்டுக் காரியத்தையும் செய்து முடித்துவிடலாம் என்று வாராவாரம் வந்து உட்கார்ந்தார். செண்பகம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "யம்மா, அப்பா இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி. ஏதாவது ஒண்ணைச் சொல்லு. ரெண்டுக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்கு."

சித்திரைக்குள் பத்திரிகை அடிக்க வேண்டும். நான் நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் கொம்பையா மேஸ்திரிக்கு, மேலே இருக்கிற சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஆசை வந்தது. பஜாரே கூடிவிட்டது. தூக்குக்குண்டைக் கையில் தொங்கவிட்டார், காற்றில் கயிறு ஆடியது, அவர் கையும் ஆடியது. ஆகையால் குண்டைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சைக்கிள் கடையின் மூலையை வானத்துச் சுவரின் ஓரத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு நூல் விலகுது," என்றார்.

ஒரு நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கூட்டத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால், சின்ன வயதில் சுண்ணாம்பு தெறித்து என் வீட்டுக்காரருக்கு இடது கண் மங்கல். அவர் எழுப்பிய சுவரெல்லாம் மேற்கே ஒரு நூல் சாய்ந்திருக்கும். கெடுதல் ஒன்றுமில்லை, முப்பது வருஷம் நிற்கிற சுவர்கள். ஆனால் கொத்தனார் ஊரில் அது கையெழுத்து மாதிரி. எந்தப் பக்கம் விலகுகிறது என்று மேஸ்திரியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"அவரு கைதான்," என்று சொன்னேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அன்றைக்கு ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தை இன்றும் மறக்கவில்லை. யாரும் என்னைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. துபாய்க்குப் போனவன் பெண்டாட்டியிடம் கேட்பது போலவே கேட்டார்கள். லீவு கொடுக்க மாட்டார்களா, சாப்பாடெல்லாம் எப்படி, குளிருமா. என்னோடு சட்டி தூக்குகிற குருவம்மா, "ஏக்கா, கண்ணூருன்னு சொல்லிட்டு எம்புட்டு உசரத்துக்குப் போயிட்டாரு பாத்தியா? என் வீட்டுக்காரனைச் சாரத்துல மூணாம் பலகைக்கு ஏறச் சொன்னாலே தலை சுத்துதுங்கான்," என்றாள். நான் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பூ வாங்கி முழமாக வைத்துக்கொண்டேன். சங்கிலி அத்தான் கையெழுத்துக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தம்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று வானத்தைப் பார்த்துக் கோபப்பட்டார். அன்னக்கொடி விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, முந்தானையை நெற்றிக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "சுவரு லெட்சணமாத்தான் இருக்கு. ஆளைக் காணோமே மைனி. சரி, வேலைன்னா அப்படித்தான். காலஞ்சென்ற வேண்டாம். திருன்னே போட்டுருவோம்," என்றாள்.

நானும் அன்னக்கொடியும் செண்பகமும் அன்று சிரித்துச் சாப்பிட்டோம். செண்பகம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு தினம் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எனக்கு வேலை ஓடவில்லை. சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்தது, ஜன்னலைத் தாண்டியது, மேலே ஓடும் காங்கிரீட் பட்டைக்கு வந்தது. அவர் எப்போதும் வாசலுக்கு இடது பக்கத்தை முதலில் முடிப்பார். அங்கே வலது பக்கம் முதலில் முடிந்தது. ஜன்னலுக்கு மேல் வெயில் தட்டாமல் ஒரு சின்னச் சாய்ப்பு விடுவார், அங்கே விடவில்லை. ஊர் விட்டு ஊர் போனால் வழக்கம் மாறும், ஆகாயத்துக்குப் போனால் மாறாதா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் நிம்மதியாக இருக்கத் தெரிந்த பிறவி இல்லை. பங்குனி முடிகிற ஒரு நாள், காற்றே இல்லாமல் முருங்கை இலைகூட அசையாமல் நின்ற காலையில், மேஸ்திரி வீட்டுக்குப் போய்த் தூக்குக்குண்டைக் கேட்டு வாங்கி வந்து, சைக்கிள் கடைக்கு எதிரே நின்று கையை நீட்டிக் கயிற்றைத் தொங்கவிட்டேன்.

வானத்துச் சுவரின் ஓரமும் கயிறும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. கயிற்றை விட்டு விலகி மேற்கே சாய்ந்து நின்றது சைக்கிள் கடையின் மூலைதான்.

சைக்கிள் கடையைக் கட்டியது என் வீட்டுக்காரர். நான்தான் சாந்து சுமந்தேன். மேஸ்திரி எதை வைத்து அளந்தாரோ அதுவே சாய்ந்திருந்தது. அந்த ஒரு நூல் இங்கே, தரையில், எங்கள் பஜாரில் இருந்தது. மேலே இருந்தது யாரோ ஒருவருடைய நேரான சுவர்.

மேஸ்திரியிடம் குண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். "மாமா, அன்னைக்கு நீங்க பாத்தது..."

"அம்பத்தஞ்சு வருசமா மட்டம் பாக்கேன் தாயி," என்றார். "எனக்கா சொல்லித் தார?"

பேசாமல் வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், பேசாமல் வர எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. பத்திரிகையில் திரு என்று போடப் போகிறார்கள். வேறு எவனோ கட்டிய சுவர் என் வீட்டுக்காரரை உயிரோடு வைத்திருந்தது. அதை என் கையால் ஏன் இடிக்க வேண்டும் என்று இருந்தேன்.

பதினோரு நாள் அப்படி இருந்தேன். பன்னிரண்டாம் நாள், கல் வந்து நின்றபோது, வீட்டுக்குக் கூரை ஏறியிருந்தது, பக்கத்தில் ஒரு துணிக்கொடி கட்டியிருந்தது, கொடியில் பச்சை நிறத்தில் நீளத்துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் ஒரு பெண் வந்து அதைத் திருப்பிப் போட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் வாசலில் உட்கார்ந்து எதையோ குடித்தான். கட்டைவிரல் நகத்தளவு உருவங்கள். முகம் தெரியவில்லை.

பஜாரில் முதலில் சிரிப்புத்தான் கிளம்பியது.

"அடப்பாவி, ஆகாசத்துல போயா சின்ன வீடு கட்டியிருக்கான்!"

"பின்ன, தரையில கட்டுனா புஷ்பம் போயிருவால்லா?"

"இங்க ஒருத்தி ஒம்பது வருசமாப் பூவும் வைக்காம பொட்டும் அழிக்காம... வெளங்குவானா அவன்?"

மத்தியானத்துக்குள் சிரிப்புப் போய்க் கோபம் வந்தது. சைக்கிள் கடைக்காரர், அந்த ஆள் கட்டிய கடையில் இருக்கவே கூசுகிறது என்றார். பெண்கள் தண்ணீர்த் தொட்டியிலிருந்த திருஷ்டி பொம்மையை அவிழ்த்தார்கள். சங்கிலி அத்தான் நடுத்தெருவில் நின்று, "எலே வெயிலு, நீ எனக்குத் தம்பியே இல்லலே!" என்று மேலே பார்த்துக் காறித் துப்பினார். துப்பியது அவர் சட்டையிலேயே விழுந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அன்னக்கொடி வந்துவிட்டாள். என் வீட்டுக்கு வராமல் நேராகப் பஜாருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது.

"செத்திருந்தா மரியாதை மைனி. இது... எங்க ஆளுக கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

செண்பகம் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைத் திட்டுகிறவர்களை இதுவரை ஒருவரையும் விட்டதில்லை அவள். அன்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. குடிக்காத மனுஷன். இன்னொருத்தியின் வாசலில் நின்று தண்ணீர்கூடக் கேட்காத மனுஷன். சாரத்தின் மேலிருந்து சட்டியை வாங்கும்போது என் விரல் பட்டால்கூட, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டவர். அப்படிப்பட்டவரை ஊர் இப்படிப் பேசுவதற்கு நான் விட்டால், ஒன்பது வருஷம் நான் எதற்குக் காத்தேன்?

"வாங்க," என்று அன்னக்கொடியின் கையைப் பிடித்தேன். செண்பகத்தையும் இழுத்துக்கொண்டேன். வழியில் மேஸ்திரியையும் தூக்குக்குண்டோடு கூப்பிட்டுக்கொண்டேன்.

சைக்கிள் கடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவில், கயிறு அசைவற்று நிற்கும் வரை கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சட்டி தூக்கிய கை அது. "பாருங்க மாமா," என்றேன். மேஸ்திரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். கடை மூலைக்குப் போய் விரலால் தடவிவிட்டு வந்தார்.

"மேல உள்ளது குண்டு மாதிரி நேரா நிக்கு," என்றார் கடைசியில். "சாஞ்சது இதுதான். வெயிலு கட்டுனது இதுதான்."

"அந்த வீடு எங்க வீட்டுக்காரரு கட்டுனது இல்ல," என்று நான் உரக்கச் சொன்னேன். "அந்தப் பொம்பளை அவ புருசனோட இருக்கா. ரெண்டு பேரையும் ஒண்ணும் பேசாதீங்க. அவரையும் பேசாதீங்க."

கூட்டம் கலைய நேரமானது. முதல் நாளே தன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று கணக்கு வாத்தியார் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. சங்கிலி அத்தான் மேலே பார்த்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் வீட்டுக்காரர் பேர் சுத்தமாகிவிட்டது, அவர் மறுபடியும் தொலைந்துவிட்டார் என்பதுதான். இந்தத் தடவை நானே தொலைத்தேன்.

அச்சகத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண், அவர் பேர் வர வேண்டிய இடத்தில் நிறுத்தி, திரும்பிப் பார்த்தாள். திரையில் சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. அன்னக்கொடி என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். "மைனி, நீங்களே சொல்லுங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"வெயிலுமுத்துன்னு பேரை மட்டும் போடும்மா," என்றேன். "முன்னால ஒண்ணும் வேண்டாம். ஒரு வார்த்தை போற அளவுக்கு எடம் விட்ரு."

"வெறும் எடமாவா? அச்சுப்பிழைன்னு சொல்வாங்களே அக்கா."

நான் அன்னக்கொடியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன் ஆறு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போனவர், அவர் பேருக்கு முன்னால் அந்த வார்த்தை ஏற்கெனவே ஏறியிருந்தது.

"சொன்னா சொல்லட்டும்," என்றாள் அந்தப் பெண்ணிடம். "எடம் விட்டே அடி."

வீட்டுக்கு வருகிற வழியில் செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பத்திரிகை வந்ததும் முதலாவதைச் சாமிக்கு வைத்தோம். பிறகு தெருத்தெருவாக, குங்குமத் தட்டோடு, வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று முறைப்படி சொன்னோம். பக்கத்தில் குடியிருப்பவர்களைத் தபாலில் அழைத்தால் தப்பு. நேரில் போக வேண்டும். எங்கள் ஊருக்குத் தலைக்கு மேலே ஒரு குடும்பம் இருந்தது, அவர்களுக்கு யாரும் போகவில்லை. ஆகையால் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு, ஒரு பத்திரிகையையும் குங்குமத்தையும் தட்டில் வைத்துக்கொண்டு, தவறி விழுந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு படிக்கும் பயந்துகொண்டே, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினேன். குருவம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். தட்டை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டாள். ஓரத்துக்கு வந்து குனிந்து நின்றாள்.

"என் மகளுக்குக் கல்யாணம்!" என்று கத்தினேன். "வைகாசி இருபத்தொண்ணு! குடும்பத்தோட வந்துரணும்!"

அவள் தலையை ஆட்டினாளா, காற்றில் முந்தானை ஆடியதா, தெரியவில்லை. எனக்கு இறங்க மனசில்லை. அவள் இருப்பது எல்லா ஊருக்கும் மேலே போகிற வழி. எத்தனையோ கல், எத்தனையோ சாரம், எத்தனையோ வேலையாட்களைக் கடந்துதான் தினமும் எங்கள் பஜாருக்கு வருகிறாள்.

"போற வழியில வெயிலுமுத்துன்னு ஒரு கொத்தனாரைக் கண்டா," என்று கத்தினேன், "அவரு மகளுக்குத்தான் கல்யாணம்னு சொல்லும்மா! செண்பகத்துக்குன்னு சொல்லு!"

அவள் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று காட்டினாள். கீழேயிருந்து குருவம்மா, இறங்கிவாக்கா, இறங்கிவா என்றாள். நான் மூச்சை நன்றாக இழுத்து, அவர் பேரைச் சொல்லிவிட்டு, தேதியை இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.